அண்ணன் சாப்பிட்ட பிறகு

சிறுகுடலைப் பெருங்குடல் தின்கிற பசி என்று சொல்வார்கள். என்னுடையது இரண்டையும் தின்று முடித்துவிட்டு முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டோடு பஸ் ஏறியவள். வழியில் நிறுத்திய இடத்தில் ஒரு ரொட்டி வாங்கினேன், பிய்த்தால் உள்ளே பூஞ்சை. அதற்குப் பிறகு தண்ணீர்தான். இறங்கும்போது பை தோளை அறுத்தது. பைக்குள் என் வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, சுத்தியல், மாற்றுத் துணி.

மறுநாள் காலை கப்பல் பட்டறையில் எனக்குச் சோதனை. இரண்டு தகடுகளைச் செங்குத்தாக நிறுத்திவிடுவார்கள். கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் பற்றவைத்துக் காட்ட வேண்டும். ஒழுங்காக வந்தால் நிரந்தர வேலை. கை லேசாக நடுங்கினாலும் பற்றவைத்த தையல் புழு நெளிந்த மாதிரி வரும், பையைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பலாம். எனக்கோ ராத்திரிச் சோறு தப்பினால் காலையில் கை நடுங்கும். சின்ன வயதில் கல் சுமக்கப் போன நாளிலிருந்து இந்த உடம்போடு எனக்கு உள்ள ஒப்பந்தம் அது ஒன்றுதான். நீ போடு, நான் செய்கிறேன்.

லாட்ஜில் அறை எடுத்தேன். முகமூடியை அறையில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் பையோடு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். பெரிய கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் பித்தளைப் பலகை மின்னியது: ‘தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இங்கே தனியாக உணவருந்த முழு உரிமை உண்டு.’ அதன் கீழே சின்ன எழுத்தில், ‘உரிய துணையுடன்’ என்று இருந்ததாம். நான் படிக்கவில்லை. பசித்தவள் பெரிய எழுத்தைத்தான் படிப்பாள்.

பரிமாறுகிறவன் வந்தான்.

“எத்தனை பேருங்க?”

“ஒரு ஆள்.”

“கூட வந்தவங்க?”

“யாரும் இல்ல.”

“பின்னாடி வர்றாங்களா?”

“யாரும் வரலப்பா. நான்தான். சோறு இருக்கா இல்லியா?”

“அப்போ தனிப்பொண்ணு,” என்றான், வைத்தியர் வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. கல்லாப் பக்கம் திரும்பி, “ஒரு தனிப்பொண்ணு!” என்று கத்தினான். கல்லாவில் இருந்தவர் மேசைக்கடியில் எதையோ அழுத்தினார். கூரையில் மணி அடித்தது. வாயில் போட்ட கவளத்தோடு கடை மொத்தமும் என்னை நிமிர்ந்து பார்த்தது.

கடைக்கு நட்டநடுவில் ஒரு மேடை. மேடைமேல் ஒற்றை மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. மேலே, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்கும்போது எரியுமே, அந்த மாதிரி ஒரு விளக்கு.

“அந்த மூலைல உக்காந்துக்கறேனே.”

“மூலைல உக்காந்தா யாருக்கும் தெரியாதுங்களே,” என்றான் பரிமாறுகிறவன். “தெரிஞ்சாத்தானே பாதுகாப்பு.”

ஏறி உட்கார்ந்தேன். விளக்கு உச்சந்தலையைச் சுட்டது. பக்கத்து மேசையில் நான்கு ஆண்கள் நாற்காலியை வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

“சோறு கொண்டாப்பா.”

“அண்ணன் வரணுங்க.”

“எனக்கு அண்ணன் கிடையாது. ஒரு தம்பி. அவனும் ஊர்ல இருக்கான்.”

“அது வீட்டு அண்ணன். இது அரசாங்க அண்ணன்.”

பிறகு அவனே நின்றபடி விளக்கினான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் இந்த ஊரில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்து தொந்தரவு கொடுத்திருக்கிறான். அவள் புகார் கொடுத்தாள். மாநகராட்சி ஒரு குழு போட்டது. குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது: காலியாக இருந்த எதிர் நாற்காலி. ஆளை விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்தார்கள். அதை நிரப்ப ஒரு துறை வந்தது. அண்ணன் பணித்துறை. அதில் ஒப்பந்த அண்ணன், நிரந்தர அண்ணன், மூத்த அண்ணன், எல்லாருக்கும் மேலே தலைமை அண்ணன். வேலைக்குப் பரீட்சை உண்டு. கூடப் பிறந்த தங்கை இருந்தால் கூடுதல் மதிப்பெண். தங்கையைக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கம் இல்லை.

ஒப்பந்த அண்ணன் வந்து சேர்ந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நீலச் சட்டை, நெஞ்சில் ‘அண்ணன்’ என்று தைத்த பட்டை, கழுத்தில் விசில், வாயில் பல்குச்சி. வேறொரு கடையில் வேறொரு தங்கையைப் பாதுகாத்துவிட்டு நேராக வருகிறான் என்று ஏப்பமே சொன்னது.

“உக்காரு தங்கச்சி. பயப்படாத.”

“உக்காந்துதான் இருக்கேன். பயமில்ல, பசி.”

“பயமில்லன்னு சொல்ற பொண்ணுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. பயிற்சில சொல்லிக்குடுத்திருக்காங்க.”

தட்டு வந்தது. ஆவி பறக்கிற சோறு, குழம்பு, இரண்டாகப் பிளந்த முட்டை, ஓரத்தில் கீரை. கையைக் கொண்டுபோனேன். அவன் தட்டை ஒரே இழுப்பில் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“அண்ணன் சாப்பிட்ட பிறகுதான் தங்கச்சி. சாப்பாட்டுல யாராச்சும் மருந்து கலந்திருந்தா?”

“சரி, ஒரு வாய் பாத்துட்டுக் குடு.”

“மருந்து எந்த மூலைல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

மூலை மூலையாகப் பார்த்தான். முட்டைக்குள் பார்த்தான். கீரையை நீவி நீவிப் பார்த்தான். தட்டை வழித்து, வழித்த விரலையும் சோதித்தான். முழங்கை வரை குழம்பு ஒழுகியது, அதையும் விடவில்லை, நாக்கை நீட்டி நக்கினான். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் குமட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான். “இனி கண்காணிப்பு நேரம். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா உனக்குச் சோறு. எங்க தங்கியிருக்க?”

“அது எதுக்கு உனக்கு?”

“சொல்லாட்டி கண்காணிப்பு ஆரம்பிக்காது.”

வயிறு சொல்லச் சொன்னது. சொன்னேன்.

“தாழ்ப்பாள் நல்லா விழுதா?”

இரும்பு வேலை செய்கிறவள். நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. “மேல்தாழ் ஆணி கழண்டிருக்கு.”

நாற்காலிமேல் ஏறி விசில் ஊதினான். கடை அடங்கியது. மனப்பாடம் செய்த குரலில் ஆரம்பித்தான்:

“மதிப்பிற்குரிய உணவருந்துவோரே! இந்தச் சகோதரி இந்நகரில் தனியாக இருக்கிறார். எதிர் லாட்ஜில் மூன்றாவது மாடி, படிக்கட்டை ஒட்டிய அறை. மேல்தாழ் வேலை செய்யவில்லை. அனைவரும் விழிப்புடன் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்!”

பக்கத்து மேசையில் ஒருவன் கை தூக்கினான். “மூணாவது மாடின்னா சொன்னீங்க?”

“மூணாவதுதான். படிக்கட்டு ஓரம்.”

“விழிப்பா இருக்கோம்,” என்றான் அவன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். இவ்வளவு பொறுப்புள்ள குடிமக்களை நான் பார்த்ததில்லை.

“டேய், அறிவிருக்கா?” என்றேன். மரியாதை போய்விட்டது. “என் ரூமை எதுக்குடா ஊருக்கெல்லாம் சொன்ன?”

“நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் நாலு பேரும் காவலுக்கு இருப்பாங்க.”

“அந்த நாலு பேருக்குப் பயந்துதானடா காவலே!”

“அதெல்லாம் மேலிடத்துல கேளு தங்கச்சி. நான் ஒப்பந்தம்.”

கண்காணிப்பு நேரம் முடிந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் மட்டும் வந்தது. இரண்டாவது தட்டு வந்தது. கூடவே மூத்த அண்ணனும் வந்தார். வயதானவர், வழுக்கை, இடுப்புப் பட்டைக்கு மேல் வயிறு தனியாக உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தக்காரனை எழுப்பி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். திருப்தி இல்லை.

“ஒப்பந்த வயித்த நம்பி ஒரு பொண்ணுக்குச் சோறு போட முடியாதும்மா,” என்றார் என்னிடம், தகப்பன் மாதிரி. “நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனா, நிரந்தர ஊழியர் யாரும் சாப்பிடலியான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

இரண்டாவது தட்டை அவர் எடுத்துக்கொண்டார். அவரிடம் அவசரம் இல்லை. பணி மூப்பு சாப்பாட்டிலேயே தெரிந்தது. கவளத்தை உருட்டி, கண்ணை மூடி, மென்று, என் பக்கம் பார்த்து, “இது வரைக்கும் பாதுகாப்புதான்,” என்பார். அடுத்த கவளம். “இது வரைக்கும் பாதுகாப்புதான்.”

மேடையைவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று எழுந்தேன். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் மணி அடிக்கும், அங்கேயும் அண்ணன் வருவான் என்றான் பரிமாறுகிறவன். இங்கேயாவது இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். உட்கார்ந்தேன். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். விரல் நுனி ஆடத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது தட்டு வருகிற நேரம் வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். பரிமாறுகிறவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். தலைமை அண்ணன் போட்டோக்காரனோடு வந்துகொண்டிருந்தார். துறைக்கு அன்று ஆண்டு நிறைவு விழா, மேடையில் உட்கார்ந்திருக்கிற தங்கையோடு ஒரு படம் வேண்டுமாம். எனக்குப் பக்கத்தில் நின்று, என் சோற்றின் ஆவி முகத்தில் படப் பேச ஆரம்பித்தார்.

“சகோதர சகோதரிகளே! போன வருஷம் முழுக்க இந்த ஊர்ல தனியா சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குக்கூட ஒரு சின்னத் தொந்தரவு நடக்கல!”

கைதட்டினார்கள்.

“எத்தனை பேர் சாப்பிட்டாங்க?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சாப்பிடல. அதைத்தானேம்மா சொல்லிட்டிருக்கேன்.” மறுபடி கைதட்டல். “சிலர் கேக்கறாங்க, இந்த வேலைக்கு ஏன் பெண்களை வைக்கலன்னு. வெச்சோமே! ஒரு மாசம் வெச்சுப் பாத்தோம். அக்கான்னு பேர் குடுத்தோம். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வந்த பொண்ணோட தட்டை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுச் சாப்பிட்டாங்க. பாதித் தட்டு சோதிக்கப்படாமயே ஒரு பெண்ணோட வயித்துக்குள்ள போயிருக்கு! நினைச்சாலே பதறுது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம்.”

மூத்த அண்ணன் பதறினார். கவளத்தை விழுங்கிவிட்டுப் பதறினார்.

“இன்னும் சிலர் கேக்கறாங்க, முறைச்சுப் பாக்கற ஆம்பளைங்கள ஏதாவது பண்ணக் கூடாதான்னு. ஒரு ஆம்பளையோட கண்ணு அவனோட சொந்தச் சொத்து. அதுல அரசாங்கம் கை வைக்க முடியாது. பொண்ணோட தட்டு அப்படியில்ல. அது பொதுச்சொத்து. அதுல கை வைக்கலாம். வெச்சுக்கிட்டிருக்கோம்.”

பக்கத்து மேசை எழுந்து நின்று கைதட்டியது.

படம் எடுக்க நெருங்கி நிற்கச் சொன்னான் போட்டோக்காரன். தலைமை அண்ணனின் கை என் முதுகில் விழுந்தது. முதுகோடு நிற்கவில்லை. கீழே இறங்கியது. ஈரமான கை. நத்தை ஊர்ந்தாற்போல இருந்தது. அவர் முகம் மட்டும் கேமராவைப் பார்த்துப் பாசமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

வெல்டிங் கம்பி பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை என்னுடையது. அவர் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தேன்.

“அம்மா!” என்று அலறினார். குடும்பத்தில் ஒரு உறவு கூடியது.

“புகார் குடுக்கணும்,” என்றேன் மூத்த அண்ணனிடம்.

“யார் மேல?”

“இந்த ஆள் மேல. எங்க கை வெச்சான்னு எல்லாரும் பாத்தாங்க.”

“நீ நேராக் குடுக்க முடியாதும்மா. உன் சார்பா அண்ணன் குடுக்கணும்.”

“கை வெச்சதே அண்ணன்தானேய்யா!”

“அப்போ அது குடும்பத் தகராறு. அதுல துறை தலையிடாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூத்தவங்க மேல கை ஓங்கற தங்கச்சிக்கு அன்னிக்கு ஒரு நாள் எந்தக் கடைலயும் சோறு கிடையாது. விதி. நான் எழுதினதில்ல.”

விதியை எழுதியவர் நாற்காலியில் சாய்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டு வீணாகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவருக்குக் கை முடியாததால் ஒப்பந்த அண்ணன் பிசைந்து, உருட்டி, வாயில் ஊட்டினான். தலைமை அண்ணன் கண்ணீரோடு ஆ காட்டினார். போட்டோக்காரன் அதையும் எடுத்தான்.

கடையைவிட்டு வெளியே வந்து, பக்கத்துச் சந்தின் சுவரில் கை வைத்து நின்றேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வாந்தி வரவில்லை.

“இந்தா, பைக்காரி! இப்படி வா.”

கடையின் பின்வாசல். பெரிய சிமெண்ட் தொட்டி, முட்டளவு எச்சில் தட்டு. தொட்டிக்கு முன்னால் பாத்திரம் தேய்க்கிற அக்கா நின்றிருந்தாள். என்னைவிட மூத்தவள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. அவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள் தள்ளித் தள்ளிக் குந்தி, ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து பேசாமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

அக்கா தன் டப்பாவை நீட்டினாள். “சாப்பிடு.”

“உங்களுக்குக்கா?”

“நான் அப்பவே தின்னுட்டேன்.”

டப்பா நிறையச் சோறு, ஒரு முழு முட்டை, ஓரத்தில் கொஞ்சம் கீரை. தின்றவள் டப்பா இப்படி இருக்காது. பொய் என்று தெரிந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். என்னிடம் பத்து இல்லை, இருந்த ஒன்றிரண்டும் பறந்தது. நின்றபடியே தின்றேன்.

“மெதுவா. உன் தட்ட இங்க எவனும் இழுக்க மாட்டான்.”

“இங்க அண்ணன் வர மாட்டானாக்கா?”

“பின்வாசலுக்கு எவன் வர்றான்? முன்வாசல்ல நுழைஞ்சாத்தான் பொண்ணு. இங்க நாங்க வேலையாளு.” தட்டு ஒன்றைத் தூக்கி விளக்கொளியில் பார்த்தாள். “வேலி பயிர மேயுதுன்னு சொல்லுவாங்க. இந்த வேலி மேஞ்சுட்டுத் தட்டையும்ல நக்கி வெக்குது. ஒரு வகைல லாபம். அண்ணன் தின்ன தட்டத் தேய்க்கவே வேண்டாம்.”

குந்தியிருந்த இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரையேறியது. அக்கா தலையில் தட்டினாள்.

“வேலை விட்டு வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“நடந்துதான்.” தொட்டிக்குப் பின்னால் கைவிட்டு, அண்டாவை இறக்குகிற நீளமான இரும்பு இடுக்கியை எடுத்துக் காட்டினாள். “இதான் எங்க அண்ணன். இதுக்குப் பசிக்காது.”

கடைசிக் கவளத்தை விழுங்கினேன். டப்பாவைக் கழுவப் போனபோது கதவு திறந்தது. தலைமை அண்ணன். விரலைக் குளிர்ந்த தண்ணீரில் நனைக்க வந்தவர், குந்தியிருந்த பெண்களையும் திறந்திருந்த டப்பாக்களையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

“சாப்பிடறோங்க,” என்றாள் அக்கா.

“தனித்தனியாவா?”

“ஆமாங்க.”

“எத்தனை நாளா?”

“பல வருஷமா.”

“ஒரு அண்ணன்கூட இல்லாமயா?”

அவர் கண் கலங்கியது. அது நடிப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பயமே அதில்தான் வந்தது. “இத்தனை வருஷம் உங்களைக் கவனிக்காம விட்டுட்டோமேம்மா,” என்று தழுதழுத்தார். விரலை நனைக்க மறந்து உள்ளே ஓடினார்.

“கவனிச்சுட்டான்டி,” என்றாள் அக்கா மெதுவாக. “தொலைஞ்சோம்.”

லாட்ஜுக்குப் போகாதே என்று அவளே சொன்னாள். தங்கள் அறையில் ஆறு பெண்கள், ஏழாவதற்கு இடம் பண்ணலாம் என்றாள். இடுக்கி முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். படுக்கும்போது அவள் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். அவள் வயிறு எழுப்பிய சத்தம் பக்கத்துப் பாயில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லாட்ஜ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கம்மா போன? ராத்திரி பூரா ஆளுங்க வந்து உன் கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. தாழ்ப்பாளே பிடுங்கிட்டு வந்திடுச்சு.”

“எதுக்காம்?”

“நீ பாதுகாப்பா இருக்கியான்னு கேக்க.”

பட்டறையில் முகமூடியை இறக்கிப் பொறியைத் தட்டினேன். தையல் கீழிருந்து மேலே நேராக ஏறியது. கை ஆடவில்லை. அந்தக் கை என்னுடையதுதான், அதை ஆடாமல் பிடித்திருந்தது அக்காவின் சோறு. வேலை கிடைத்தது.

முதல் லீவு நாளில் சமைத்தேன். சோறு, முழு முட்டை, கீரை. ஒரு டப்பாவில் அழுத்தி வைத்து, துணியில் கட்டி எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனேன்.

அங்கே புதுப் பித்தளைப் பலகை. தொட்டிக்கு மேலே அதே ஆஸ்பத்திரி விளக்கு. எச்சில் தட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, அதில் அதே ஒப்பந்த அண்ணன். இப்போது நிரந்தரமாகிவிட்டான், பட்டை மஞ்சளாக மாறியிருந்தது. பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், டப்பாக்கள் அவன் மடியில் இருந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். வீட்டுச் சோறு அலுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே சோதித்தான்.

அக்கா வரிசையின் கடைசியில் நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவன் என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தான்.

“வெளிச் சாப்பாடா? கூடுதல் சோதனை பண்ணணும். குடு.”

“உனக்கில்லடா. அக்காவுக்கு.”

“அவங்களுக்குன்னாத்தானே சோதிக்கணும்?” கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அவன் கட்டைவிரல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. எனக்குப் பட்டறை இருக்கிறது. அவளுக்கு இந்தத் தொட்டிதான். இங்கே விரலை வளைப்பது நான், வீட்டுக்கு அனுப்பப்படுவது அவள்.

நின்றேன். முட்டைக்குள் பார்த்தான். கீரையை நீவினான். டப்பாவை வழித்தான்.

“நல்லா சமைக்கிற தங்கச்சி,” என்று ஏப்பம் விட்டுவிட்டு, காலி டப்பாவை அக்காவிடம் நீட்டினான். “பாதுகாப்புதான். சாப்பிடலாம்.”

அக்கா அந்த டப்பாவை வாங்கித் தொட்டியில் முக்கித் தேய்த்து, துடைத்து, என்னிடம் தந்தாள்.

“விடுடி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“நான் உங்களுக்குத் தரணும்க்கா.”

“தா. நான் எங்க போயிடப் போறேன்?”

ஒரு டப்பா சோறு, ஒரு முழு முட்டை, ஓரத்தில் கொஞ்சம் கீரை. அவளுக்கு நான் தர வேண்டியது இது. இன்னும் தரவில்லை.